வளைவில் கிடந்த இரும்பு

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மணி இருக்கவில்லை. பலா மரத்துக் கிளையில் கட்டுக்கம்பியால் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டைத்தான் மணி என்று சொல்வோம். ஒன்றரை முழ நீளம் இருக்கும். ஒரு முனையை ஒட்டி விரல் நுழையும் அளவில் இரண்டு ஓட்டைகள். அதில் ஒன்றில்தான் கம்பியைக் கோத்திருந்தார்கள். வாத்தியார் ஒரு இரும்பு முளையால் அதை மூன்று தடவை அடித்தால் சத்தம் கீழே ஆற்றங்கரை வரைக்கும் இறங்கும். மேலே றப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டு நிற்கும் அம்மாவுக்கும் கேட்கும். மகன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவாராம்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மழை கொட்டியது. தாத்தா கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். மழை விடட்டும் என்று பலா மரத்தடியில் ஒதுங்கினோம். அவர் அந்த இரும்பை மாட்டின் கழுத்தைத் தடவுவதுபோலத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதன் தலைப்பகுதியில் வைத்தார்.

"இந்தப் பக்கம் வழுவழுன்னு இருக்கா? இப்ப அந்தப் பக்கம் தொடு. தேய்மானமே இல்ல பாரு. இது நேர் ரோட்டுல கெடந்தது இல்லடா. வளைவுல, வெளிப்பக்கம் கெடந்தது. போன கோச்சி, வந்த கோச்சி எல்லாம் இதுமேல சாஞ்சு ஒரசிக்கிட்டே போயிருக்கு."

அந்த வழுவழுப்பு இன்றைக்கும் என் விரல் நுனியில் இருக்கிறது. தாத்தா சொன்ன அந்தக் கோச்சியை நான் பார்த்ததில்லை. நான் பிறந்தது 1960இல். எங்கள் ஊரான யட்டியாந்தோட்டைக்கு ரயில் வந்தது 1903இல், நின்றுபோனது 1942இல்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் 'தோட்டை'யைத் தோட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். சுற்றிலும் தோட்டங்களாக இருக்கும்போது வேறெப்படி நினைக்க முடியும்? சிங்களத்தில் 'தொட்ட' என்றால் துறை, ஆற்றில் இறங்குமிடம். களனி கங்கையின் கரையில் இருந்த துறை அது. ரயில் வருவதற்கு முன் ஆறுதான் இந்தப் பள்ளத்தாக்கின் பாதை. கொழும்புக்குச் சரக்கு படகில் போனது.

கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு 1902இல் களனிவெளிப் பாதை வந்தது. அடுத்த ஆண்டே அதன் ஒரு கிளை தெஹியோவிட்ட, கரவனல்லை வழியாக யட்டியாந்தோட்டையைத் தொட்டது. இன்னொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் போனது. கண்டிக்குப் போகும் பெரிய பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் ஐந்தரை அடி. எங்கள் பாதையில் இரண்டரை அடிதான். பாதை குறுகினால் வளைவை நெருக்கிப் போடலாம். மலையைக் குறைவாக வெட்டினால் போதும். பாலமும் சிறிதாகும், செலவும் குறையும். தேயிலையையும் றப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அது போதும் என்று கணக்குப் போட்டவர்கள் போட்ட பாதை. ஆனால் நெருக்கிப் போட்ட ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்தின் விளிம்பு வெளித் தண்டவாளத்தை உரசும். அந்த உரசலின் மிச்சத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடம் காலையில் கூடியது.

தாத்தா அப்போது இளந்தாரி. ஸ்டோரிலிருந்து மாட்டு வண்டியில் வரும் தேயிலைப் பெட்டிகளை ஸ்டேசனில் இறக்கி, கோச்சியில் ஏற்றும் வேலைக்குத் தோட்டம் அனுப்பிய ஆட்களில் ஒருவர். ஈயத் தாள் விரித்த பலகைப் பெட்டி. நூறு றாத்தல் கனம். தோளில் வைத்தால் பெட்டியின் ஓரத் தகடு கழுத்தைக் கீறும் என்று காட்டுவார். புகையில் காயவைத்த றப்பர் ஷீட்டைச் சுமந்த நாளில் குளித்தாலும் வாடை போகாதாம். அன்றைக்குப் பாட்டி அவரை இஸ்தோப்பிலேயே உட்கார வைத்துச் சோறு போடுவாராம். அந்த வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டுச் சொன்னதில்லை. பெட்டியை ஏற்றிவிட்டுக் கோச்சி ஊதிக்கொண்டு கிளம்பும்போது, "இத்தனை கனத்தையும் இந்தக் குட்டி எஞ்சின் இழுக்குதே" என்று நின்று பார்ப்பாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு லொறிகள் வந்தன. பிறகு யுத்தம். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று 1942இல் யட்டியாந்தோட்டைக் கிளையை மூடித் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். கழற்றும் வேலைக்குத் தோட்டத்து ஆட்களும் போனார்கள், தாத்தாவும் போனார். கடைசி ஸ்டேசனிலிருந்து தொடங்கினார்களாம். முன்னால் இருக்கிற பாதையில் கோச்சி நிற்கும், பின்னால் இருக்கிற பாதையைக் கழற்றி அதிலேயே ஏற்றுவார்கள், கோச்சி கொஞ்ச தூரம் நகரும், மறுபடி கழற்றுவார்கள்.

"எங்க ரோட்டை நாங்களே கழட்டி, எங்க கோச்சியிலயே ஏத்தி அனுப்பி வச்சோம்டா."

மழை சத்தத்தில் அவர் இதைச் சொன்னது எனக்கு அன்று முழுதாக விளங்கவில்லை. விளங்கியது 1971இல், அவிசாவளை ஸ்டேசனில்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் எழுதப்பட்டது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ஒரு கடுதாசியில் பங்கு பிரித்தார்கள். எங்கள் அத்தை வீடு இந்தியாவின் பங்கில் விழுந்தது. மலைநாட்டில் ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் சனம் பெரிய கோச்சியில் ஏறிப் போனது. அதை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊரிலேயே கோச்சி இல்லையே. பஸ்ஸில் அவிசாவளைக்கு வந்து, அங்கிருந்து சின்னக் கோச்சியில் கொழும்புக்குப் போய், அங்கே தலைமன்னார் மெயில் ஏற வேண்டும். அப்பா கொழும்பு வரைக்கும் கூடப் போனார். என்னையும் கூட்டிப்போனார். நான் முதன்முதலில் ஏறிய கோச்சி அதுதான்.

பெட்டி அவ்வளவு ஒடுக்கம். எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் முட்டும். இந்தப் பக்கம் அத்தை, மாமா, மச்சான்மார். அந்தப் பக்கம் நானும் அப்பாவும். நடுவில் ட்ரங்குப் பெட்டி. அத்தை மடியில் அம்மிக் குழவியைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அம்மியைத் தூக்க முடியாது, குழவியாவது இருக்கட்டும் என்றார். வாக, பாதுக்க, ஹோமாகம, மஹரகம, நுகேகொட என்று வீடுகளின் கொல்லைப் பக்கத்தை ஒட்டியே கோச்சி போனது. கையை நீட்டினால் வாழை இலையைப் பிடிக்கலாம். வளைவுக்கு வளைவு பெட்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கீழே சக்கரம் கிறீச்சிட்டது. தாத்தா சொன்ன உரசல் இதுதான் என்று எனக்குப் பட்டது. ஒவ்வொரு சாய்விலும் அத்தையின் முழங்கால் என் முழங்காலில் வந்து அழுத்தியது. அவர் அழவில்லை. குழவியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோச்சிக்கும் அதிக ஆயுள் இருக்கவில்லை. ஓப்பநாயக்க வரையிலான பகுதி 1973இலும், இரத்தினபுரிக் கிளை 1976இலும் மூடப்பட்டன. மிஞ்சிய கொழும்பு–அவிசாவளைப் பாதை 1990களில் அகலப் பாதையாக மாறியது. இன்று அதே வழியில் பெரிய பெட்டிகள் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கான சனம் வேலைக்குப் போய் வருகிறது. அது நல்ல காரியம்தான். ஆனால் அன்றோடு சின்னப் பெட்டிகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. அகலப் பாதையில் ஓடிய பழைய பெட்டி என்றால் நாட்டின் எந்த மூலைக்கும் இழுத்துப் போகலாம். இரண்டரை அடிப் பாதையில் பிறந்த பெட்டிக்கு அந்தப் பாதை போய்விட்டால், நின்ற இடத்தில் நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பதினேழு வயதில் கொழும்புக்கு, புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனேன். அங்கே மூட்டை தூக்கிய வயதான நாட்டாமை ஒருவர் இருந்தார். ஒருநாள் தார் பெயர்ந்த ஓரிடத்தைக் காலால் சுட்டிக் காட்டினார். குழிக்குள் ஒரு இரும்புக் கோடு. "ட்ராம் லைன் தம்பி. இதுல எத்தனை தடவை ஓடி ஏறியிருப்பேன்!"

கொழும்பில் ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியது 1899இல். பூஸ்டெட் சகோதரர்களின் கம்பெனி கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓட்டியது. மேலே மின்கம்பி, அதைத் தொடும் கோல், பக்கங்கள் திறந்த பெட்டி, ஓட்டுபவரின் காலடியில் மணி. அந்த வண்டிகளின் தொழிலாளர்கள் 1929இல் செய்த வேலைநிறுத்தம் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடந்தது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மாநகர சபை 1944இல் வண்டிகளைத் தன் கையில் எடுத்தது. 1953இல் மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ் வந்தது. 1960இல் ட்ராம் நின்றது. நான்கு ஆண்டுகளில் ட்ரொலி பஸ்ஸும் நின்றது.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு நூலிழை உண்டு. யட்டியாந்தோட்டையைப் பல காலம் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்திய என். எம். பெரேரா 1950களின் நடுவில் கொழும்பின் மேயராக இருந்தவர். அந்த ட்ராம் வண்டிகள் அவருடைய சபையின் வண்டிகளாக ஓடியவை. தோட்டத்துச் சனத்துக்கு அவர் பெயர் தெரியும். கூட்டத்துக்குப் போய்ப் பேச்சும் கேட்பார்கள். பிரஜாவுரிமை பறிபோனதால் அவருக்கோ அவரை எதிர்த்தவருக்கோ போட ஒரு வாக்குத்தான் பெரும்பாலோர் கையில் இருக்கவில்லை.

நாட்டாமையிடம் ஒருநாள் கேட்டேன், அந்த வண்டிகளெல்லாம் இப்போது எங்கே என்று. அவர் தோளில் கிடந்த சாக்கை உதறினார். "போச்சு தம்பி. பழசை யாரு வச்சிருக்கப் போறா?"

அந்தக் கேள்வி என்னோடு நாற்பது வருடம் இருந்தது.

யாராவது வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்பதைக் கடுகண்ணாவையில் பார்த்தேன். இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்குப் போனது. அதன் நூற்றைம்பதாவது ஆண்டு நிறைந்த நாளில், 2014இல், கடுகண்ணாவை ஸ்டேசனை ஒட்டித் தேசிய ரயில் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். என் பேத்திக்கு ஒன்பது வயதானபோது அவளைக் கூட்டிக்கொண்டு புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலை போய், அங்கிருந்து மலை ஏறினேன்.

பெரிய எஞ்சின்களைப் பார்த்து அவள் வாயைப் பிளந்தாள். களனிவெளியின் சின்ன எஞ்சினிடம் வந்ததும் ஓடிப்போய்ச் சக்கரத்தைத் தொட்டாள். அது அவளுக்குத் தோழி மாதிரியான உயரம். பிறகு இரண்டு கால்களையும் அகட்டி, ஒரு பாதத்தை இந்தத் தண்டவாளத்திலும் மற்றதை அந்தத் தண்டவாளத்திலும் வைத்து நின்று சிரித்தாள். பெரிய பாதையில் அதைச் செய்து பார்த்தாள், எட்டவில்லை. "தாத்தா, நம்ம ஊருக்கு வந்தது இந்தச் சின்ன ரோட்டா?" என்று கேட்டாள். இரண்டரை அடி என்று நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் அவளுக்கு இப்படி விளங்கியிருக்காது. இரும்பு எதிரில் இருந்ததால், அதற்கு மேல் ஒரு கூரை இருந்ததால், அவள் கால் அதை அளந்தது.

அதே களனிவெளிப் பாதைக்காக 1920களின் கடைசியில் வந்த சென்டினல் நீராவிக் கார் ஒன்றையும் இலங்கை ரயில்வே காப்பாற்றி வைத்திருக்கிறது. வீ2 வகை, 331ஆம் இலக்கம். எஞ்சின் தனியாக, பெட்டி தனியாக இல்லாமல், ஒரே உடம்பின் முன்பக்கத்தில் கொதிகலனும் பின்பக்கத்தில் ஆசனங்களுமாக இருக்கும் வண்டி. பார்த்தால் தண்டவாளத்தில் ஓடும் பஸ் மாதிரி, ட்ராம் வண்டியின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. எங்கள் நாட்டு வெயிலிலும் மழையிலும் ஓடிய அந்த இனத்தில் ஒன்றாவது மிஞ்சியதை நினைத்தால் மனம் நிறைகிறது.

பழைய வண்டியைக் காப்பது என்றால் ஓரிடத்தில் நிறுத்திப் பெயர்ப்பலகை மாட்டுவதோடு முடிந்துவிடாது. முதலில் கூரை வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் எங்கள் பக்கத்தில் கூரை இல்லாத மரப்பெட்டி சில வருடங்களில் ஜன்னலுக்குக் கீழிருந்து உளுக்கத் தொடங்கும். தண்ணீர் அங்கேதான் தங்கும். கொதிகலனில் ஈரம் நின்றால் துரு உள்ளேயிருந்து தின்னும். ஓடாத சக்கரம் இறுகும்; அதனால் இடைக்கிடையாவது நகர்த்த வேண்டும். செம்புக் கம்பிக்குத் திருடன் வருவான்; காவல் வேண்டும். ஒன்றை ஓட வைக்க வேண்டுமானால், ஓடாத இன்னொன்றையும் உதிரிப்பாகத்துக்காகக் கூரைக்குள் வைத்திருக்க வேண்டும். இதெல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நட்டை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரிந்த ஒரு கை வேண்டும். அந்தக் கை ஓய்வு பெறும் முன் இன்னொரு இளம் கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

செய்கிற ஊர்கள் இருக்கின்றன. இந்தியாவின் முதல் மின்சார ட்ராம் 1895இல் சென்னையில் ஓடியது. 1953 ஏப்ரலில் நின்றது. எங்கள் பூட்டன்மார் கப்பலேறுமுன் சென்னையில் அந்த மணியைக் கேட்டிருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வேன். கல்கத்தாவோ 1938ஆம் ஆண்டு வண்டி ஒன்றைச் சீராக்கி, 2014இல் எஸ்பிளனேடில் 'ஸ்மரணிகா' என்று ஒரு சிறு அருங்காட்சியகமாக்கியது. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கவும் ட்ராமின் கதையைப் பார்க்கவும் வழி செய்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1995 முதல் பழைய ட்ராம் வண்டிகளே தினசரிப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அவை நிற்கும் முற்றத்துக்கு மேல் பின்னாளில் பெரிய கூரையும் போட்டார்கள். அங்கே மிலான் நகரத்து 1928ஆம் ஆண்டு வண்டிகளும் மெல்பேர்ன் வண்டியும் ஓடுகின்றன. மெல்பேர்னில் இருக்கும் என் மருமகன் இதைத் தொலைபேசியில் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறந்த ஊரில் வேலை முடிந்த வண்டி, கடல் கடந்து போன ஊரில் சனத்தை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. எனக்கு அத்தையின் ஞாபகம் வந்தது. போன இடத்தில் அவர் அந்தக் குழவிக்கு ஏற்ற அம்மி தேடி அலைந்ததாகக் கடிதம் போட்டிருந்தார்.

கடுகண்ணாவையிலிருந்து திரும்பிய கிழமையே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பலா மரம் இல்லை. மின்சார மணி வந்து வருடக்கணக்காகிவிட்டது என்றார்கள். தண்டவாளத் துண்டைக் கேட்டேன். பிள்ளைகளே தேடி எடுத்து வந்தார்கள். பின்பக்கம் விறகுக் கொட்டிலுக்கு அருகே, மண்ணில் பாதி புதைந்து கிடந்திருக்கிறது. துரு செதில் செதிலாகப் பிடித்திருந்தது. கையில் வாங்கியதும் விரலால் தேடினேன். செதிலுக்குக் கீழே அந்த ஒரு பக்கம் அப்படியே இருந்தது.

எஞ்சினைச் செய்த கம்பெனியின் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கும். பாதையைத் திறந்து வைத்த ஆளுநரின் பெயர் புத்தகத்தில் இருக்கும். நூறு றாத்தல் பெட்டியைத் தோளில் ஏற்றியவர்களின் பெயரும், அந்தப் பாதையையே கழற்றி ஏற்றியவர்களின் பெயரும் எங்கேயும் இல்லை. எங்கள் சனம் விட்டுப்போனது அதிகம் இல்லை. பீலிக் கரையில் ஒரு கல், லயத்து வாசலில் ஒரு மாமரம், இப்படி ஒரு இரும்புத் துண்டு. இதற்குத் திறப்பு விழா நடத்த யாரும் வரப்போவதில்லை. அதனால் இதைக் காப்பது எங்கள் வேலை.

அதிபர் நல்ல மனிதர். பள்ளிக்கூட இஸ்தோப்பில், மழை படாத இடத்தில், ஒரு உத்தரத்தில் அதைத் தொங்கவிடச் சம்மதித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று ஒரு வாத்தியார் சொன்னார். வேண்டாம் சேர், பிள்ளைகள் அடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியை மட்டும் இதில் அடிப்பதாக முடிவு செய்தார்கள். அதே பழைய ஓட்டையில் புதுக் கம்பியைக் கோத்தோம். தேய்ந்த பக்கம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் வாக்கில் திருப்பிக் கட்டினோம்.

ஒவ்வொரு வருடமும் சித்திரை முடிந்து பெருமழை பிடிக்கும் முன் அங்கே போகிறேன். ஒரு பழந்துணி, கால் போத்தல் மண்ணெண்ணெய், கொஞ்சம் கிரீஸ். துருவைத் துடைத்து, கிரீஸைப் பூசி, மிச்சத்தை வழித்தெடுக்க அரை மணித்தியாலம் பிடிக்கும். போன வருடம் பேத்தியும் வந்தாள். துணியை என் கையிலிருந்து வாங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டு, கம்பி உரசும் இடத்தை அவளாகவே துடைத்தாள். அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும் என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.